கூழ் ஊற்றும் இடம்

சென்னையில் நான் வேலை பார்க்கும் இடத்துக்கு டிசைனர் வேலை கேட்டு வருகிற பிள்ளைகளிடம் ஒரு காரியம் செய்யச் சொல்வேன். அவர்கள் வரைந்து கொண்டுவந்த செல்போன் திரைகளில் ஒன்றைக் காட்டி, இது யாருக்கு, இதைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி எழுதித் தரச் சொல்வேன். பாதிப் பேருக்கு முகம் சுருங்கிப்போகும். படம் போடுகிறவனுக்கு எழுத்து எதற்கு, அந்த மேடம் தமிழ் டீச்சராகப் போயிருக்க வேண்டியவர் என்று வெளியே போய்ச் சொல்கிறார்களாம். சொல்லட்டும். கால் கழுவுகிற டிரம்மில் அம்மனுக்கு வார்த்த கூழ் மிதந்ததை அவர்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாநிலம் ஆந்திரா, வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பது தெலுங்கு. என் வயதுப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாயில் வருமே தவிர கண்ணுக்கு வராது. பெரியவர்களில் சிலருக்கோ தெலுங்கு எழுத்து என்றால் ஜிலேபி பிழிந்த மாதிரிதான். இதனால் பெரிய கஷ்டம் ஒன்றும் வந்ததில்லை, ஊர் அம்மன் கெங்கம்மாவின் ஜாத்திரைத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிற நாள் தவிர. தெலுங்கை மேலே போட்டால் ஒரு தெரு முறைக்கும், தமிழை மேலே போட்டால் இன்னொரு தெரு கூழ் குடிக்க வராது. அம்மன் கோயில் தர்மகர்த்தாவாக இருந்தவர் என் அம்மாவைப் பெற்ற தாத்தா. அவர் வருஷத்துக்கு ஒரு தெருவிடம் திட்டு வாங்குவார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த ஒரு வருஷம் நோட்டீஸோடு நிற்காமல் பலகைகளும் வைக்க வேண்டியதாயிற்று. கோயிலுக்கு முன்னால் மண்டபம் கட்ட ஆரம்பித்திருந்ததால் காலங்காலமாகக் கூழ்க் கொப்பரை வைக்கிற இடத்தில் ஜல்லியும் மணலும் கிடந்தன. எங்கள் பக்கத்தில் ஆடி மாசம் வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சி, பானையில் வேப்பிலை செருகிக் கொண்டுபோய்க் கோயில் கொப்பரையில் ஊற்றுவார்கள். எல்லா வீட்டுக் கூழும் ஒன்றாகக் கலந்த பிறகுதான் ஊருக்கு வார்ப்பார்கள். ஒரு வீட்டுக் கூழ் சேராவிட்டாலும் அது ஊர்க்கூழ் ஆகாது. இப்போது கொப்பரை கோயிலின் பின்பக்கம் போய்விட்டது, வாங்கிக் குடிக்கிற இடம் புளியமரத்தடிக்குப் போய்விட்டது, கால் கழுவத் தண்ணீர் டிரம் இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. எது எங்கே என்று காட்டப் பலகை வேண்டும், அதில் எந்த பாஷையை மேலே போடுவது என்று தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார்.

எழுத்தே வேண்டாம் என்று சொன்னவர் என் மாமா, அம்மாவின் தம்பி. திருப்பதியில் காலேஜ் படிக்கப் போய், படித்ததோடு டிசைனும் கற்றுக்கொண்டு வந்து, பிச்சாட்டூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கடை போட்டிருந்தார். கல்யாண ஃப்ளெக்ஸ், காதுகுத்து ஃப்ளெக்ஸ், மஞ்சள் நீராட்டு ஃப்ளெக்ஸ் என்று கடையில் வரைவார், அச்சு திருப்பதியில் ஆகி பஸ்ஸில் வரும். இது ஒரு பிழைப்பா என்று தாத்தாவுக்கு ஆறாத சந்தேகம். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மாமாவுக்கு வேலை சொல்லி வைத்துவிட்டார். மாமா கெஞ்சியதால் ஒரு தவணை கிடைத்தது. ஜாத்திரை முடியட்டும், ஊரே பார்க்கப் போகிறது, பலகை நன்றாக அமைந்தால் கடை, இல்லாவிட்டால் கம்பெனி பஸ்.

அதனால் அந்த மூன்று பலகைகளுக்கு மாமா உயிரைக் கொடுத்தார். அப்பாவுடைய வீடும் அதே ஊர்தான் என்பதால், பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நான் மாமாவோடு பஸ் ஏறிக் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். அவர் வரைகிறபோது வாய் சும்மா இருக்காது. மௌஸ் ஒரு பக்கம் நகரும், பேச்சு ஒரு பக்கம் ஓடும். இந்தா பார், இந்தம்மா வீட்டிலிருந்து பானையைக் கொண்டுவருகிறாள், சாய்க்கிறாள், பெரிய கொப்பரையில் விழுகிறது, இந்த அம்புக்குறி அதற்குத்தான். இது இன்னொரு பலகை, கொப்பரையிலிருந்து கரண்டியால் எடுத்துச் சொம்பில் வார்க்கிறார்கள். இது டிரம், இது சொம்பு, கீழே இரண்டு கால், மேலே தண்ணீர்ச் சொட்டு. மூன்றுக்கும் ஒரே மஞ்சள், ஒரே குங்குமச் சிவப்பு, ஓரத்தில் ஒரே மாதிரி வேப்பிலைக் கொத்து. பார்க்கக் கல்யாண வீட்டு அக்கா தங்கைகள் மாதிரி இருந்தன. எனக்குக் கண்ணை எடுக்கவே மனசு வரவில்லை.

எல்லாம் முடித்துவிட்டு நாற்காலியைத் திருப்பி, புரிகிறதா என்று என்னைக் கேட்டார். புரிகிறது என்று மூன்றையும் மளமளவென்று ஒப்பித்தேன். மாமாவுக்குத் தலைகால் தெரியவில்லை. அன்றைக்கு சாயங்காலமே தாத்தாவிடம், "சின்னப் பொண்ணுக்கே புரியுது நைனா, படமே பேசும், எழுத்து இன்னாத்துக்கு" என்றார். பலகைகள் திருப்பதியிலிருந்து அச்சாகி வந்ததும் தாத்தா அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தத் தெருவும் முறைக்க முடியாது என்பது அவருக்குப் பிடித்திருந்தது. தெருச்சண்டைக்கே தன் மகன் முடிவு கட்டிவிட்டான் என்று வெற்றிலை போடுகிற இடத்தில் சொல்லிக்கொண்டதாகவும் கேள்வி.

ஜாத்திரை அன்று முதல் பானையைக் கொண்டுவந்தவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. எதிலும் முதலில் நிற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பம்பை அடிக்க, பின்னால் தெருவே வர, தலையில் பானையோடு வந்தவர் டிரம்முக்குப் பக்கத்தில் இருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பாத்திரம் சாய்ந்திருக்கிறது, அதிலிருந்து ஏதோ சொட்டுகிறது, பக்கத்தில் பெரிய பாத்திரம், அடியில் இருக்கிற கால் பானை கொண்டுவருகிறவளுடையது. அத்தைக்கு சந்தேகமே வரவில்லை. கும்பிட்டுக்கொண்டு பானையைக் கவிழ்த்தார். அத்தை ஊற்றினார் என்று அடுத்தவர் ஊற்றினார், அவர் ஊற்றினார் என்று அவருக்குப் பின்னால் வந்தவர் ஊற்றினார்.

அதே நேரம் ஊற்ற வந்த இன்னொரு கூட்டம் புளியமரத்தடியில் வரிசை கட்டி நின்றது. சொம்போடு குடிக்க வந்த வெளியூர்க்காரர்கள் கோயிலுக்குப் பின்னால் போய்க் காலிக் கொப்பரையை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் கூழ் அதற்குள் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். கால் கழுவ டிரம்முக்குப் போன ஒருவர் சொம்பை முக்கி எடுத்து, அதில் மிதந்த சின்ன வெங்காயத்தைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் பம்பை நின்றது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு அது போய்விட்டது. கால் கழுவுகிற தண்ணீரில் அம்மன் கூழ். அத்தை மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். தாத்தா யாரையும் பார்க்காமல் கோயில் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா ஓடினார். டிரம்முக்கும் மரத்தடிக்கும் பின்பக்கத்துக்கும் மாறி மாறி ஓடி, வருகிற ஒவ்வொருவரிடமும் ஊற்றுவது அங்கே, குடிப்பது இங்கே, இது கால் கழுவ என்று தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கூட்டத்தைத் திருப்பிவிட்டு வருவதற்குள் அடுத்த கூட்டம் டிரம்முக்கு வந்துவிடும். குரல் கம்மிப்போய் காற்றுதான் வந்தது.

அம்மா அவருடைய சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "இவ்ளோ நேரமா வாயால சொல்லிக்கினு கீறியே, அதையே எழுதி மாட்டித் தொலையேன்டா."

கோயில் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த கறுப்புப் பெயிண்ட் கிடைத்தது. மாமா முதல் பலகையைக் கழற்றிப் பின்பக்கமாகத் திருப்பினார். ஃப்ளெக்ஸின் முதுகு வெள்ளை. நோட்டீஸ் அடித்துப் பழகிய கை அல்லவா, எடுத்த எடுப்பில், "பக்த கோடிகளுக்கு ஓர் பணிவான வேண்டுகோள், தாங்கள் அன்புடன் கொண்டுவரும்" என்று எழுதினார். அதற்குள் பாதிப் பலகை தீர்ந்துவிட்டது, கூழ் என்ற வார்த்தை இன்னும் வரவில்லை. தலையில் பானை வைத்திருக்கிறவள் எந்தக் காலத்தில் நின்று இதைப் படிப்பாள் என்று அம்மா பல்லைக் கடித்தாள். மாமா பெயிண்டைத் துணியால் வழித்துத் தேய்த்தார். பிறகு எழுதினார். கூழ் இங்கே ஊற்றவும். பக்கத்தில் அதையே தெலுங்கில், அம்பலி இக்கட போயண்டி. பலகையின் நடுவில் நெடுக்காக மரச்சட்டம் ஓடியதால் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் தெலுங்கும் நின்றன. எது மேலே என்று கேட்க யாருக்கும் அன்றைக்கு நேரமில்லை, கேட்கவும் வழியில்லை.

மற்ற இரண்டு பலகைகளும் அப்படியே திரும்பின. கூட்டம் தானாக வழி கண்டுபிடித்துக்கொண்டது. டிரம்மில் ஊற்றியவர்கள் வீட்டுக்கு ஓடி அடிப்பானையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் கொண்டுவந்து கொப்பரையில் சேர்த்தார்கள், அத்தை உள்பட. டிரம் கூழ் மாடுகளுக்குப் போயிற்று. ஊர்க்கூழ் எப்படியோ ஊர்க்கூழாக ஆனது.

ஆனால் தாத்தாவின் தவணை முடிந்துவிட்டது. அவர் திட்டவில்லை, மாமா வாதாடவும் இல்லை. அடுத்த வாரம் சத்தியவேடு பஸ்ஸில் ஏறி ஸ்ரீசிட்டி போய்ச் சேர்ந்தார். கடைக்கு ஷட்டர் விழுந்தது. லீவு நாளில் அவர் வீட்டுக்கு வந்தால் படுத்தேதான் இருப்பார், நான் போய் எழுப்பினால் புரண்டு படுப்பார். பேசிக்கொண்டே வரைகிற மாமாவை எனக்குத் தெரியும், பேசாமல் தூங்குகிற மாமாவை என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு அந்த வருஷம் முழுக்க அழுகையாக வந்தது.

மறு வருஷ ஜாத்திரைக்கு மண்டப வேலை பாதியில் நின்றிருந்ததால் கொப்பரை மறுபடியும் பின்பக்கம் போனது. தாத்தா அந்த மூன்று பலகைகளையும் பத்திரமாக வைத்திருந்து மாட்டியிருந்தார். கறுப்பு எழுத்து ஊரைப் பார்த்திருந்தது, படம் சுவரைப் பார்த்திருந்தது. லீவு போட்டு வந்த மாமா, என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தவர், கொப்பரைப் பலகையின் முன்னால் நின்றுவிட்டார். பெண்கள் வந்தார்கள், ஒரு பார்வை நிமிர்ந்து பார்த்தார்கள், ஊற்றினார்கள், போனார்கள். பலகை ஒன்று இருப்பதையே யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மாமா பலகைக்கும் சுவருக்கும் நடுவில் தலையை நுழைத்துத் தான் வரைந்ததை எட்டிப் பார்த்தார். நானும் நுழைந்து பார்த்தேன். மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் வெளுத்திருந்தன. எனக்கு இப்போதும் அழகாகத்தான் இருந்தது. ஊர் முழுக்க யாருக்கும் இது புரியவில்லையே, உனக்கு மட்டும் எப்படிப் புரிந்தது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டார்.

இதென்ன கேள்வி என்றிருந்தது எனக்கு.

"நீதான் எல்லாத்தையும் சொன்னியே மாமா" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகத் தாத்தாவிடம் போனார். "நைனா, நான் கம்பெனிக்குப் போவல. கடையத் தொறக்கறேன்." தாத்தா பலகையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், முதலில் கூழைக் குடி, அப்புறம் பேசலாம் என்றார். அது சம்மதம் என்று அம்மா பிறகு எனக்கு விளக்கினாள்.

அந்தக் கடை இப்போது புத்தூருக்கு மாறிப் பெரிய கடையாக இருக்கிறது. எந்தப் பலகை வரைந்தாலும் முதலில் அதில் வரவேண்டிய வாக்கியத்தை மாமா ஒரு தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறார். வரைந்து முடித்ததும் டீக்கடைக்கு எடுத்துப் போய் யாரென்றே தெரியாத ஒருவரிடம் நீட்டிவிட்டு, வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு நிற்கிறார். பேசாமல் நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

நான் அன்றைக்கு அவரோடு சேர்ந்து சிரித்தேன், எதற்கென்று தெரியாமலேயே. எனக்கு அந்தப் படம் ஒருநாளும் புரிந்ததில்லை, மாமா சொன்னதுதான் புரிந்தது என்பதை அவருக்குச் சொன்னவள் நான்தான். சொன்னேன் என்பது எனக்கே அன்றைக்குத் தெரியாது.