சரசுவுக்குப் போட்ட இலை

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் என் நாத்தனார் சரசுவுக்கு இருபது வயது. மார்பில் புற்றுநோய். ஒரு பக்கத்தை அறுத்தெடுத்த பின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படித்தவள்தான் நான், இருந்தும் கைக்குழந்தையை நினைத்துப் பயந்தேன்.

அவளுக்கு மட்டும் வாழையிலையில் பரிமாறினேன். "விருந்தாளிக்கு மரியாதை" என்றேன். உண்மையில், அவள் சாப்பிட்ட தட்டை எங்கள் தட்டுகளோடு கழுவ மனம் வரவில்லை.

ஒரு நாள் கம்போங் செட்டியிலிருந்து பலகாரம் கொண்டுவந்த, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். அந்தச் செட்டிகள் தமிழ் வழி வந்த இந்துக்கள்தான், ஆனால் தலைமுறைகளாகத் தமிழ் வராது; மலாயில்தான் திட்டினார்.

"தினமும் இலையா? எங்க வீட்டுல செத்தவங்களுக்குத்தான் இப்படி இலை போட்டுப் படைப்போம். இவ உயிரோடதானே இருக்கா?"

"எங்க வழக்கம் வேற, மக்சிக்."

"வழக்கமா, பயமா?" தன் கெபாயா சட்டையின் ஒரு பக்கத்தை உள்ளங்கையால் அமுக்கினார். தட்டையாக இருந்தது. "பன்னிரண்டு வருஷமாச்சு. என் பிள்ளைங்க என் தட்டுலதான் சாப்பிட்டு வளர்ந்துச்சுங்க. வியாழக்கிழமை இவளை அனுப்பு. என்னை மாதிரி நாலு பேர் இருக்கோம். பஞ்சு வச்சு ரவிக்கை தைக்கச் சொல்லித் தருவோம், ஆஸ்பத்திரிக்கும் கூடவே போவோம். நீ வராதே."

சரசு இலையிலிருந்து தலை நிமிரவில்லை.

அன்று மாலை அவளுக்குத் தட்டு வைத்தேன். தள்ளிவிட்டாள்.

"இலை எங்க அண்ணி? மரியாதைன்னீங்களே."

வியாழக்கிழமைகளில் சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். எங்கள் வாசற்படி ஏறியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். குழந்தைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நம்பத்தான் முடியவில்லை.