என் காதுக்கு எட்டாத கொலுசு

மரக்காணத்தில் மைக் செட் வைத்துப் பிழைப்பவனுக்கு முதல் எதிரி உப்புக் காற்றுதான். ஒயர், பிளக், ஸ்பீக்கர் காயில் என்று எதையும் விட்டுவைக்காது. அதனால் போன வருஷம் என் பாக்ஸ்களில் பாட்டு மொத்தையாகக் கேட்க ஆரம்பித்தபோது நான் யோசிக்கவே இல்லை. மெல்லிய கீச்சுச் சத்தங்களுக்கென்று உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும், டுவீட்டர் என்போம். அது அரித்துப் போயிருக்கும் என்று கழற்றி மாற்றினேன். புதிதும் மொத்தையாகத்தான் பாடியது. பாண்டிச்சேரி கடைக்காரருக்குப் போன் போட்டு, "டூப்ளிகேட்ட என் தலையில கட்டிட்டியா?" என்று கிழி கிழியென்று கிழித்தேன். அப்புறம் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் திருகை முடிந்தமட்டும் ஏற்றிவைத்து ஓட்டினேன்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "ஏம்பா, இன்னா செட்டு இது, காது கிழியுது!" என்று ஒருவர் கத்தினார். ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கூட்டத்தில் உப்பளக்காரரும் இருந்தார். மழை முடிந்து முதல் உப்பு வாரும் அன்று அவர் பாத்திக்கரையில் பூஜை போடுவார். அதற்கு எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து நான்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறேன். "இந்த வாட்டி பூஜையிலயும் இப்படிக் கத்துச்சுன்னா, திண்டிவனத்துலேர்ந்து வேற செட்டு சொல்லிடுவேன்," என்றார். என் மனைவி அவரிடம்தான் உப்பு வாருகிறாள். அவள் எதிரிலேயே சொன்னதில் எனக்கு மானமே போய்விட்டது.

பொங்கல் லீவுக்கு மகள் வந்தாள். பாண்டியில் கம்ப்யூட்டர் வேலை. பூஜைக்காக அவளே ஒரு பாட்டு தயார் செய்து கொண்டுவந்திருந்தாள். என் பாக்ஸில் ஓடவிட்டாள்.

"யாரும்மா பாடறது? நல்ல கொரலு."

"யாரும் இல்லப்பா. கம்ப்யூட்டரே பாடுது."

"பாட ஆள் வேணாம், வாசிக்க ஆள் வேணாம். கேக்கறதுக்காவது ஆள் வேணுமா, அதையும் மிஷினே பாத்துக்குமா?"

அவள் சிரித்தாள். "அது இருக்கட்டும். நடுவுல வர்ற கொலுசு சத்தம் எப்படி இருக்குது?"

"எந்தக் கொலுசு?"

மகள் அவள் அம்மாவைப் பார்த்தாள். மறுபடி போட்டாள். அந்த இடம் வந்ததும் இரண்டு பேர் தலையும் தாளத்துக்கு ஆடின. எனக்குத் தலைகள் ஆடியது மட்டும்தான் தெரிந்தது. "திரும்பவும் டுவீட்டர் போயிடுச்சு," என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போனில் ஒரு விசில் சத்தம் வைத்தாள். கேட்டது. இன்னும் கொஞ்சம் கீச்சாக ஏற்றினாள். கேட்டது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

"போன் ஆஃப் ஆயிடுச்சா?" என்றேன்.

மனைவி காதைப் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.

வயசாக ஆக மெல்லிய கீச்சுச் சத்தம்தான் காதுக்கு முதலில் போகுமாம், மகள் சொன்னாள். ஸ்பீக்கர் பக்கத்திலேயே குடியிருப்பவனுக்கு இன்னும் சீக்கிரம் போகுமாம். "எனக்கும் ஒரு எல்லை இருக்குதுப்பா. அதுக்கு மேல நாய்க்குத்தான் கேக்கும்," என்றாள். அப்படிப் பார்த்தால் மனுஷர் எல்லாருமே ஓர் இடத்துக்கு மேல் செவிடுதான். நியாயமான பேச்சு. ஆனால் காதை வைத்துச் சோறு தின்கிறவனுக்கு அது என்ன ஆறுதல்? அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அவளே ஒரு வழி சொன்னாள். "இனிமே அவங்கவங்க காதுக்கு ஏத்த மாதிரி பாட்டு வந்துடும்பா. உனக்கு மட்டும் கொலுசு சத்தத்த காதுக்கு எட்டுற அளவு கீழ எறக்கித் தர்றேன், ஹெட்போன்ல கேளு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஊரே ஒண்ணா கேக்கணும்னுதான் குழா கட்றோம். ஆளுக்கொரு பாட்டுன்னா செட்டு எதுக்கு? உன் கொலுசு இருக்குற எடத்துலயே இருக்கட்டும், போ!"

எழுந்து உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்க வேண்டாம்தான். ஆனால் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

பூஜை அன்று காலையில் பாத்திக்கரையில் செட் போட்டேன். என் செட்டில் வேறு யாரும் கை வைக்க முடியாது. வைத்தால் ஒடித்துவிடுவேன் என்பது ஊருக்கே தெரியும். மகளைக் கூப்பிட்டு, "ட்ரெபிள நீ வை," என்றேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, திருகை இறக்கிக்கொண்டே போனாள். பாதிக்கும் கீழே போனது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடப்பாவி, இவ்வளவையுமா ஊரார் காதில் கொட்டினோம்!

கற்பூரம் ஏற்றினார்கள். யாரும் காதைப் பொத்தவில்லை. உப்பளக்காரர் என் பக்கம் திரும்பி, "இது செட்டு!" என்று கையைத் தூக்கிக் காட்டினார். தலையாட்டி வைத்தேன்.

பிறகு மகளின் பாட்டு ஓடியது. மனைவி உப்பு வாரும் பலகையைக் கரையில் சாய்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொலுசு வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இருங்க." சேறு காயாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இதோ."

விரல் நுனியால் தட்ட ஆரம்பித்தாள். விட்டு விட்டு, அப்புறம் வேகமாக, அப்புறம் ஒவ்வொன்றாக. தட்டி முடித்ததும், "அவ்ளோதான்," என்று கையை எடுக்கப் போனாள்.

நான் விடவில்லை. "இன்னொரு வாட்டி போடும்மா," என்றேன் மகளிடம்.