சடையனும் ஒரு சவரக் கண்ணாடியும்

புதூர்நாட்டுப் பக்கத்தில் சடையன் என்று ஒருவன் இருந்தான். சந்தையில் வாங்கிய சவரக் கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கலெக்டர் மாதிரி நடந்தவன். அறுபதுகளின் தொடக்கத்தில், திருப்பத்தூரிலிருந்து மாதம் ஒருமுறை டாக்டரை ஜீப்பில் மலைக்கு ஏற்றிப்போன டிரைவர் பாஷா நான். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஜீப் புளியமரத்தடி வரைக்கும்தான் போகும். ஊர்களெல்லாம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சிதறிக் கிடக்கும். எங்களைக் கண்டதும் சடையன் பாறைமேல் ஏறி, கண்ணாடியை வெயிலுக்குக் காட்டி இப்படியும் அப்படியும் ஆட்டுவான். ஒவ்வோர் ஊருக்கும் அந்த வெளிச்சம் மின்னும். டாக்டர் வந்தாச்சு என்று ஜனம் இறங்கி வரும். இவ்வளவுதான் வேலை, குரங்கிடம் கொடுத்தாலும் செய்யும். இந்தத் துரைக்கோ அதற்குக் கோழி வேண்டும், பலாப்பழம் வேண்டும், எதிரே வருகிறவன் கும்பிட வேண்டும்! அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பது சும்மாவா?

பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி பாஞ்சாலை மட்டும் கும்பிடவும் இல்லை, கோழியும் கொடுக்கவில்லை. "வெயிலு இன்னா அவன் அப்பன் வூட்டு சொத்தா?" என்று சந்தையிலேயே கேட்டுவிட்டாள்.

அந்த மாதம் அவளுடைய பெண்குழந்தை காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தது. விடிந்ததிலிருந்து வாசலில் நின்று பாறையையே பார்த்தாள். அந்தப் பாவி எல்லா ஊருக்கும் காட்டினான், அவள் ஊர்ப்பக்கம் மட்டும் கண்ணாடியைத் திருப்பவே இல்லை. எதிர்ச்சரிவில் ஜனம் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறுவதைக் கண்டபிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

குழந்தையைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு பள்ளம் இறங்கி ஏறி ஓடிவந்தாள். பாறைக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் புறப்பட்டு, கீழே வளைவில் இறங்கிக்கொண்டிருந்தோம். கூவினால் கேட்காத தூரம். சடையன் கையிலிருந்த கண்ணாடியைப் பிடுங்கினாள்.

என் கண்ணில் பளீரென்று அடித்தது. பிரேக்கை மிதித்தேன். மறுபடியும் அடித்து, இடமும் வலமுமாக ஆடியது.

"இன்னா பாஷா?" என்றார் டாக்டர்.

"மேலேர்ந்து யாரோ கூப்புட்றாங்க சார்," என்று சொல்லி, அகலமான இடம் பார்த்து வண்டியைத் திருப்பினேன்.

டாக்டர் ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் சடையன் ஓடிவந்தான். "நான்தாங்க சாமி வெளிச்சம் காட்னது!"

மானங்கெட்டவன்! பாஞ்சாலை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையை டாக்டர் கையில் கொடுத்தாள். ஊசி போட்டு, தாயையும் பிள்ளையையும் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். குழந்தை பிழைத்தது.

அடுத்த மாதம் பாறைமேல் பாஞ்சாலை நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் புதுக் கண்ணாடி. எல்லா ஊரும் இறங்கி வந்தது. வரிசையின் கடைசியில் வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு, பல்வலியில் முனகியபடி சடையன் நின்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இவன் வூட்டுப் பக்கமும் காட்னியாம்மா?" என்று கேட்டேன்.

"காட்னேன் பாய். நான் இன்னா சடையனா?"