வாக்மேனுக்குள் இருந்த கேசட்

1988 ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகளின் நிச்சயம் பேச, நானும் அக்காவும் தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டியில் மாப்பிள்ளை வீட்டுக்கு வாடகைக் காரில் போனோம். சவுதியில் இருந்த அக்கா கணவர் தன் முடிவைக் கேசட்டில் பேசி, புது வாக்மேனோடு ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்; அன்று காலைதான் கைக்கு வந்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் தட்டு மாற்ற வேண்டும். ஹெட்போனை வைக்க மறந்திருந்தார். கார் டேப்பில் செருகி வாக்மேனைக் கேட்கும், கேசட் வடிவ அடாப்டர் மட்டும் இருந்தது.

செருகினேன். கார் டேப் அதை வெளியே துப்பியது. மறுபடி செருகினால் கரகரப்புதான் வந்தது.

“அந்தக் கேசட்டையே இதுல போடுங்களேன்,” என்றார் டிரைவர் பாய்.

“உங்க பழைய செட்டு ரிப்பனைத் தின்னுடும்ங்க. நீங்க ஓட்டுங்க பாய்.”

“டேய், அவங்க வூடு வந்துருச்சுடா!” என்று அக்கா பதறினாள்.

நான் விடவில்லை. கடைசி வரை அடாப்டரோடு மல்லுக்கட்டினேன். அக்கா எதையும் கேட்காமலே உள்ளே போய்த் தட்டு மாற்றினாள்.

திரும்பும் வழியில் பாய், வாக்மேனிலிருந்த கேசட்டை எடுத்துத் தானே போட்டார். மாமாவின் குரல் தெளிவாக வந்தது.

“பையன் தங்கம்தான். நம்ம புள்ளைக்குப் புடிச்சிருக்கான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

அக்கா டேப்பை நிறுத்தினாள். அடாப்டரைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்ற ஒரு கேசட் தேவைப்பட்டிருக்கக் கூடாது.