கடைசி வரிசை வீடியோ

"அழி. இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே?" என்றான் கணவன்.

அவளுடைய கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. பிள்ளைகளுக்கு அவள் பஸ்ஸக்கா. யாருக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது, யார் ஜன்னல் சீட்டுக்கு உயிரை விடுவான், எல்லாம் அத்துப்படி. சாயங்காலம் கதவைச் சாத்தியதும் இருக்கைகளைப் படமெடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டுவிடுவாள். பிள்ளை ஏறிவிட்டான் என்று தாய்மாருக்கு நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம்.

இன்றைக்கும் அப்படித்தான் கைபேசியைத் தூக்கினாள். கடைசி வரிசையில் ஒரு பெரிய பையனும் ஒரு ஒல்லிப் பையனும் கட்டிப் புரண்டார்கள். படம் எடுத்தால் பயந்து விலகுவார்கள் என்று வீடியோவைத் தட்டினாள். ஒல்லிப் பையனின் மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் ஓடிப்போய்ப் பிரித்தாள். ஒரு கையால் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் வழக்கம்போலக் குழுவுக்கு அனுப்பினாள். எது போயிற்று என்று பார்க்கவில்லை.

அவள் வீடு வருவதற்குள் வீடியோ ஊரைச் சுற்றிவிட்டது. யாரோ அதற்கு ஒரு குத்துப்பாட்டும் சேர்த்திருந்தார்கள். ஒல்லிப் பையனின் அப்பா போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்.

"அண்ணி, அழிச்சிட்டீங்களா?"

"குழுவுல எடுத்துட்டேன். அசல் இப்ப என் போன்ல மட்டும்தான் இருக்கு."

"அதத் தொடாதீங்க. சின்னப் பிள்ளைங்க முகம் தெரியுற மாதிரி பரப்புனதுக்கே கேஸ் வரலாம். போன்லயும் இல்லன்னா, தடயத்த மறைச்சீங்கம்பாங்க."

"வந்துட்டாங்க ஜட்ஜம்மா," என்றான் கணவன்.

"உனக்கென்னண்ணே, ஸ்டேஷன்ல உக்காரப் போறது அண்ணி."

"அதனாலதான் சொல்றேன். ஊரெல்லாம் சுத்துற வீடியோவுல பாட்டுதான் கேக்குது. இவ குரல் இல்ல."

நாத்தனார் அவளைப் பார்த்தாள். "என்ன குரல்?"

அவள் மடித்திருந்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு கைபேசியை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"அடிச்சுக்கோங்கடா! நல்லா அடிச்சுக்கோங்க! எடுத்து உங்கப்பன்கிட்ட காட்டுறேன்!"

அவள் குரல்தான். திரையில் பெரியவன் திரும்பிக் கைபேசியைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் மூக்கில் குத்தினான்.

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவன் பால் வழிந்த அடுப்பையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மெரட்டத்தான் சொன்னேன்," என்றாள் அவள். "அவன் என்னப் பாத்துட்டு அடிக்கிறான் பாரு. இது இல்லாமப் போனா எல்லாம் அவன் தலையில விடியும்."

"வேலை போயிடும்டி."

"போகும்."

கைபேசியை அணைத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் சிக்கியது. அப்படியே விட்டாள்.

மறுநாள் காலை நாத்தனாரோடு காவல் நிலையத்துக்குப் போனாள். கைபேசியை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். வழக்குப் பதிவதைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். பள்ளி அவளை வரவேண்டாம் என்று கணவனுக்குப் போன் செய்திருந்தது. பையன்கள் இருவரும் பேருந்தில் ஏறவில்லை. சாயங்காலம் பேருந்து தெருமுனையைத் தாண்டிப் போனது. கதவருகே வேறொரு பெண் நின்றிருந்தாள்.