சாமிக்கு அளந்த நூல்

தொண்ணூறுகளில் நான் திருநெல்வேலியில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆற்றங்கரைப் பரம்பு மேடுகளில் சரளைக்கல் வெட்டும்போது முதுமக்கள் தாழி உடைந்தால், உள்ளே இருக்கும் எலும்புகள் சில சமயம் எங்கள் துறைக்கு வந்து சேரும். தொடை எலும்பு ஒன்று முழுசாக இருந்தால் போதும். அளவுப் பலகையில் கிடத்தி, நீளத்தைச் சூத்திரத்தில் போட்டு, அந்த ஆள் எழுந்து நின்றால் எவ்வளவு உயரம் என்று சொல்லிவிடுவேன். சூத்திரம் வேறு தேசத்து மனிதர்களை அளந்து எழுதியது. நம் ஆட்களின் கால் கணக்கே வேறு. அதனால் இரண்டு விரற்கடை முன்னே பின்னே இருக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன். தாழிக்குள் இருந்தவன் வந்து சண்டை போடவா போகிறான்?

அக்காவின் கணவருக்கு என் வேலை ஒரு வேடிக்கை. முக்கூடலில் ஆற்றை ஒட்டி அவருக்கு வயல். "மாப்ளே, உயிரோட இருக்கவன அளக்க ஒரு டெய்லர் போதும். செத்தவன அளக்க இம்புட்டுப் படிப்பா வே?" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் சிரிப்பைப் பார்த்ததும் போய்விடும்.

ஒரு வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்த படுக்கையானார். பிழைத்து எழுந்தால் அம்மனுக்கு ஆளுயர மாலை சாத்துவதாக அக்கா நேர்ந்துகொண்டாள். எழுந்துவிட்டார். மாலை கட்டுகிறவருக்கு அளவு கொடுக்க அத்தானைச் சுவரோரம் நிறுத்தி உச்சந்தலையிலிருந்து நூல் பிடித்தாள். கால் பக்கம் பிடித்தவன் நான். பாதத்துக்குக் கீழே இன்னும் ஒரு சாண் விட்டுத்தான் முடிச்சுப் போட்டாள். சாமிக்கு அளக்கிற எதையும் எங்கள் பக்கத்தில் தலைதட்டி அளப்பதில்லை, மரக்கால் நெல்லானாலும் குவித்துத்தான்.

"ஏ பிள்ள, இந்த வயசுல இன்னும் ஒரு சாண் என்னைய எங்கன போயி வளரச் சொல்லுத?" என்றார் அத்தான். மாலை சாத்தி முடிந்ததும் அந்த நூலை மஞ்சளில் நனைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஆறு கரை மீறியது. வயலில் இருந்த மோட்டாரைக் கழற்ற அத்தான் இறங்கிப் போனார். தண்ணீர் வடிந்த பிறகு மோட்டார் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

அக்கா தாலியைக் கழற்றவில்லை. "எங்கனயாவது கரையேறியிருப்பாக, பைய வருவாக" என்றாள். வைக்கோலில் ஆள் செய்து கொள்ளி வைத்துவிடலாம் என்று சொல்ல வந்த பெரியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். வட்டிலில் அவருக்கும் சோறு எடுத்து வைத்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. சாப்பிடாமலே பஸ் ஏறிவிடுவேன்.

கோடையில் ஆறு ஒடுங்கியபோது, கீழே வெகு தூரத்தில் மணல் அள்ளியவர்களுக்கு ஒரு தொடை எலும்பும் இடுப்பெலும்பில் பாதியும் அகப்பட்டன. போலீஸ்காரர்கள் எங்கள் துறைக்கே கொண்டுவந்தார்கள். வயதுவந்த ஆணுடையவை. நான் அளக்கக் கூடாது என்று துறைத் தலைவரிடம் சொன்னேன். அவரே அளந்தார். நான் தள்ளி நின்று மனதுக்குள் அதே கணக்கைப் போட்டேன், ஒரே விடைதான் வந்தது. எலும்பு இன்னாருடையதென்று உயரம் சொல்லாது. இன்னாருடையதில்லை என்று வேண்டுமானால் சொல்லும். தகவல் கேட்டு அக்கா வந்ததும் அதை அவளிடம் எடுத்துச் சொன்னார் தலைவர்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. மடியிலிருந்து அந்த மஞ்சள் நூலை எடுத்தாள்.

தலைவர் நீண்ட மேஜையின் ஓரத்திலிருந்து அந்த ஆளின் உயரத்தை அளந்து, முன்னே பின்னே இருக்கலாம் என்று சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார். அக்கா அதே ஓரத்தில் நூலின் நுனியை வைத்து இழுத்துக்கொண்டே போனாள். முடிச்சு இரண்டு கோடுகளையும் தாண்டிப் போய் நின்றது.

"பாத்தியாலே! இது ரொம்பக் குட்டையான ஆளு. அவுக இல்ல" என்றாள். மழைக்காலத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்துவிடக்கூடாதா என்றிருந்தது எனக்கு.

"ஏக்கா..." என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அன்று கால் பக்கம் நூலைப் பிடித்தவன் நான் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பு மெல்லப் போயிற்று. முடிச்சின் மேல் கட்டைவிரலை ஊன்றி, கையை விரித்து, நூலோடு பின்னால் ஒரு சாண் போட்டாள். சுண்டுவிரல் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து விழுந்தது.

வெகு நேரம் கையை எடுக்கவில்லை.

"தாராளமாத்தானலே அளந்தேன்" என்றாள். "ஒரு சாண் கூடத்தானலே குடுத்தேன் அந்த அம்மனுக்கு."