ஒரே ஆண்டில் இரண்டு பட்டமளிப்பு

முத்திரையார் என்றுதான் கல்லூரியே அவரை அழைத்தது. அந்த அரபிக் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகளாக அலுவலக எழுத்தர் அவர். மேசைக்கு வரும் எந்தத் தாளும் முத்திரை வாங்காமல் திரும்பாது. ஒருமுறை மருத்துவர் தமக்கு எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டிலேயே குத்திவிட்டு, மருந்துக் கடைக்காரரிடம் விளக்கம் சொல்லி மாளவில்லை. குழப்பம் என்பதே அறியாத மனிதர். அவரைக் குழப்ப ஓர் இணையப் படிவம் வேண்டியிருந்தது.

கல்லூரி வழங்கும் பட்டத்தை அங்கீகரிக்கப் பல்கலைக்கழகம் முன்வந்திருந்தது. பழைய மாணவர்களின் பட்டங்களுக்கும் அது செல்லும். ஆனால் தொடக்கம் முதல் இன்றுவரை பட்டம் பெற்ற ஒவ்வோர் அணியின் பட்டியலையும் ஆண்டுவாரியாகப் படிவத்தில் ஏற்ற வேண்டும். பட்டியலில் இல்லாதவருக்கு அங்கீகாரம் இல்லை. இதில் முத்திரையாருக்குச் சொந்த அக்கறையும் உண்டு. அவர் மனைவி அதே கல்லூரியின் பெண்கள் பிரிவில் ஆலிமா பட்டம் பெற்றவர். ஒரு பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகத் தற்காலிக ஆசிரியை. பட்டம் அங்கீகரிக்கப்பட்டால் வேலை நிரந்தரம். இல்லையேல் இந்தக் கல்வியாண்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

பதிவேடுகளெல்லாம் பிறை பார்த்து எண்ணும் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் இருந்தன. நோன்பு மாதத்துக்கு முந்தைய ஷஅபான் மாதத்தில்தான் எப்போதும் பட்டமளிப்பு. படிவத்துக்கோ ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் ஆண்டு. முத்திரையார் பழைய நாள்காட்டிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேதியாக மாற்றி ஏற்றினார். எட்டு அணிகள் ஒழுங்காக ஏறின. ஒன்பதாவதுக்குத் திரையில் சிவப்பு எழுத்துத் தோன்றியது: இவ்வாண்டுக்கான பட்டியல் ஏற்கெனவே உள்ளது.

மீண்டும் பார்த்தார். எட்டாம் அணி பட்டம் பெற்றது ஜனவரி நான்காம் தேதி. ஒன்பதாம் அணி பெற்றது டிசம்பர் இருபத்து நான்காம் தேதி. இரண்டும் ஒரே ஆண்டு. அந்த ஒன்பதாம் அணியில்தான் அவர் மனைவி இருந்தார்.

கல்லூரி முதல்வரான ஹஜ்ரத்திடம் ஓடினார்.

“ஹஜ்ரத், ஒரே வருஷத்துல ரெண்டு செட்டுக்குப் பட்டம் குடுத்திருக்கோம்.”

“வருஷத்துக்கு ஒரு தடவைதானப்பா குடுப்போம்.”

“ஆமா ஹஜ்ரத், வருஷத்துக்கு ஒரு தடவைதான் குடுத்திருக்கோம்.”

“அப்புறம் என்ன?”

“ஒரே வருஷத்துல ரெண்டு தடவை குடுத்திருக்கோம்.”

ஹஜ்ரத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “காலையில ஏதாவது சாப்பிட்டியா?”

தேதிகளைக் காட்டியதும் அவருக்கும் நெற்றி சுருங்கியது. “சந்திர வருஷம் பதினொரு நாள் கம்மி, அது தெரிஞ்சதுதான். பதினொரு நாள் கம்மியானா ஒரு செட்டு எப்படிக் கூடும்?”

“அதான் எனக்கும் புரியல, ஹஜ்ரத்.”

“சரி விடு. டிசம்பர் செட்டை அடுத்த வருஷத்துல எழுது. எட்டு நாள்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?”

எழுதிப் பார்த்தார். அடுத்த ஆண்டில் பத்தாம் அணி இருந்தது. அதைத் தள்ளினால் பதினோராம் அணி இடித்தது. தள்ளிக்கொண்டே வந்ததில், சென்ற மாதம் பட்டம் வாங்கிச் சென்றவர்கள் அடுத்த ஆண்டுதான் வாங்கப்போகிறார்கள் என்று முடிந்தது. எதிர்த்திசையில் தள்ளிப் பார்த்தார். முதல் அணியினர் ஐந்தாண்டுப் படிப்பை நான்கே ஆண்டில் முடித்த மேதைகளாயினர். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, இங்கே ஒரு கிணற்றுக்கு இரண்டு பூதம்.

மாலையில் வீடு திரும்பியவரின் முகத்தைப் பார்த்ததும் மனைவி விடைத்தாள்களை மூடிவைத்தார்.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“உங்க செட்டுக்கு வருஷமே இல்லம்மா. உங்களுக்கு முந்தின செட்டு அதுல உக்காந்திருக்கு.”

“அந்த அக்காங்க அப்பவே அப்படித்தான். ஒரு வருஷம் மூத்தவங்கன்னு எங்களை என்ன பாடு படுத்தினாங்க!”

“ஒரு வருஷம் மூத்தவங்கதான். ஆனா அதே வருஷம்.”

“விளங்கிடும். அப்ப என்னை என்ன பண்ணப் போறீங்க?”

“அடுத்த வருஷத்துக்குத் தள்ளச் சொல்றாரு ஹஜ்ரத்.”

“கல்யாணப் பத்திரிகையில என் பட்டத்தைப் பெருசாப் போட்டது உங்க வீட்டு ஆளுங்கதானே? அதையும் தள்ளிடுவீங்களா?” சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். “விளையாட்டு இல்லீங்க. என் சர்டிபிகேட்ல ஹிஜ்ரி தேதி, இங்கிலீஷ் தேதி ரெண்டும் போட்டிருக்கு. உங்க லிஸ்ட்ல வேற வருஷம் இருந்தா, போலின்னு எடுத்த எடுப்புலயே கையை விரிச்சிருவாங்க. உள்ளதை உள்ளபடி எழுதுங்க. புரியலேன்னா புரியலேன்னு எழுதுங்க.”

படிவம் மறுத்துவிட்டதால், ஒன்பதாம் அணியின் பட்டியலை முத்திரையார் தனித்தாளில் தட்டச்சு செய்து, பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு வந்த நாளன்று குழுத் தலைவியின் முன் வைத்தார். அவர் கணிதப் பேராசிரியை என்று கேள்விப்பட்டதில், வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“ஒரே வருஷத்துல ரெண்டா? எப்படிங்க?” என்றார் பேராசிரியை.

“ஒவ்வொரு வருஷமும் பதினொரு நாள் பின்னாடி வந்து, ஜனவரியிலேருந்து டிசம்பருக்குள்ள விழுந்திருச்சு, மேடம்.”

“ஜனவரியிலேருந்து பின்னாடி வந்தா போன வருஷ டிசம்பர்தானே வரும்?”

“ஆமா மேடம். அந்தப் போன வருஷந்தான் இந்த வருஷம்.”

அறையில் இருந்த நால்வரும் அவரைப் பார்த்தனர். சொன்னது சரிதானா என்று அவருக்கே ஐயம் வந்துவிட்டது. பேராசிரியை ஒரு தாளில் கோடு போட்டார், இரண்டு வட்டம் போட்டார், பிறகு அனைத்தையும் அடித்தார்.

“அந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல வகுப்பு நடந்துச்சா?”

அது அவருக்குத் தெரிந்த கேள்வி. வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து விரித்தார். நோன்பு முடிந்து கல்லூரி திறந்த நாளிலிருந்து இறுதித் தேர்வு வரை ஒரு நாளும் விடாமல் வருகை குறிக்கப்பட்டிருந்தது. பேராசிரியை விரலை வைத்து மாதம் மாதமாக எண்ணினார். முந்தைய ஆண்டையும் எண்ணினார். வேலைநாள்கள் ஏறக்குறைய சமமாகவே வந்தன. ஒன்பதாம் அணியின் பட்டியலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் பட்டம் பெற்ற முப்பத்தொன்பது அணிகளுக்கும் அங்கீகாரம். ஒன்பதாம் அணிக்கு நேரே ஒரு குறிப்பு: ஆவணங்கள் சரியாக உள்ளன, காரணம் குறித்துக் குழுவில் கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

முத்திரையார் கடிதத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

“இதை வெச்சு வேலை நிரந்தரமாயிடுமா?”

“ஆயிடும். தலைமையாசிரியைகிட்ட நாளைக்கே குடுத்துடு.”

நகலை மடிக்காமல் உறையிலிட்டுக் கைப்பையில் வைத்த மனைவி, ஏதோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஏங்க, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முப்பத்தொன்பது செட்டுன்னா, ஒண்ணு கூடுதல். அது நாங்களா, அந்த அக்காங்களா?”

முத்திரையார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

“ஹஜ்ரத்தைக் கேட்டுச் சொல்றேன்.”

“ஐயோ, வேண்டாங்க. அவரு மறுபடியும் தள்ளச் சொல்லிடுவாரு.”